நந்தா விளக்குக் கொடையும் அதன் கல்வெட்டுகளும்

கோயிலில் இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டும் என்று ஒருவர் ஏற்படுத்தி வைக்கும் விளக்கு நந்தா விளக்கு எனப்படும். கல்வெட்டுகளில் இது நந்தா விளக்கு, நொந்தா விளக்கு, நுந்தா விளக்கு, திருநந்தா விளக்கு எனப் பலவாறு எழுதப்பட்டுள்ளது. நந்துதல் என்ற சொல்லுக்கு வளர்தல் என்றும் கெடுதல், அணைதல் என்றும் நேர் எதிரான இரு பொருள்கள் உண்டு. மாணவர்கள் இதில் குழம்புவது இயல்பே. இங்கே இரண்டாவது பொருளையே கொள்ள வேண்டும். நந்தா விளக்கு என்றால் அணையா விளக்கு.

பல்லவர், சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் அடிக்கடி காணப்படும் கொடை இதுவே. அரசர் முதல் ஆட்டிடையர் வரை எல்லாத் தரத்தாரும் இக்கொடையைச் செய்திருக்கிறார்கள். உலகெங்கும் மக்கள் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதையும் கொடுத்ததையும் கல்லில் எழுதி வைத்தார்கள். உரோமப் பேரரசில் இவ்வழக்கம் மிகப் பரவலாக இருந்தது. அதனோடு ஒப்பிட்டால் தமிழ்க் கல்வெட்டின் தனித்தன்மை தெளிவாகத் தெரியும்.

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில்

சென்னையின் தென்புறநகர்கள் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளாலும் தொழிற்பேட்டைகளாலும் அறியப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவை தொண்டைமண்டலத்தின் ஏரிப்பாசன ஊர்கள். சோழர் ஆட்சியில் இம்மண்டலத்துக்குச் செயங்கொண்ட சோழ மண்டலம் என்ற பெயர் வழங்கியது. மண்டலம் கோட்டங்களாகவும், கோட்டம் நாடுகளாகவும், நாடு ஊர்களாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. குன்றத்தூர், திருசூலம் பகுதிகள் புலியூர்க் கோட்டத்தில் இருந்தன. தாம்பரத்துக்கு மேற்கே உள்ள மணிமங்கலம் செங்காட்டுக் கோட்டத்தைச் சேர்ந்தது.

விமான நிலையத்துக்கு எதிரே, மின்தொடர் வண்டி நிலையத்தின் பின்புறம் குன்றுகளுக்கிடையே அமைந்துள்ள திருசூலநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் ஊர்ப்பெயர் திருச்சுரம் என்றும், நாட்டின் பெயர் சுரத்தூர் நாடு என்றும் வருகின்றன. சுரம் சூலமாகத் திரிந்துவிட்டது. கிழக்குத் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் கோயில் யானையின் பின்புறம் போல வளைந்த கருவறை கொண்டது. இவ்வடிவத்தைத் தூங்கானை மாடம் என்பர். மணிமங்கலத்துத் தர்மேசுவரர் கோயிலும் இவ்வகையே. பல்லாவரம் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த ஐந்து கருவறைக் குகைக்கோயில் இன்று தர்காவாக உள்ளது. அங்குள்ள பல்லவ எழுத்துகள் அரசனின் விருதுப் பெயர்களை மட்டுமே கூறுகின்றன. கொடைச் செய்தி எதுவும் அவற்றில் இல்லை.

இவற்றுள் கல்வெட்டு ஆய்வாளர்களுக்கு நன்கு அறிமுகமானது மணிமங்கலம். அங்குள்ள பெருமாள் கோயிலில் 1046-ஆம் ஆண்டைச் சேர்ந்த முதலாம் இராசாதிராசன் கல்வெட்டும், 1067-ஆம் ஆண்டைச் சேர்ந்த வீரராசேந்திரன் கல்வெட்டும் உள்ளன. ஈழப் போர்களைப் பற்றியும், கூடல்சங்கமத்தில் சாளுக்கியரோடு நடந்த போரைப் பற்றியும் வரலாற்று நூல்களில் படிக்கும் செய்திகளில் கணிசமான பகுதி இவ்விரு கல்வெட்டுகளிலிருந்து வந்ததே. ஆனால் இவை போர்ச் செய்தி சொல்வதற்காக வெட்டப்பட்டவை அல்ல, கோயிலுக்குச் செய்த கொடையைப் பதிவதற்காக வெட்டப்பட்டவை. ஆண்டைக் குறிக்க அரசன் பெயர் வேண்டும். அரசன் பெயரைச் சொல்ல அவன் மெய்க்கீர்த்தி வேண்டும். இப்படித்தான் ஊர்க்கோயில் சுவரில் பேரரசின் வரலாறு ஏறியது.

ஒரு விளக்குக் கல்வெட்டின் அமைப்பு

விளக்குக் கொடைக் கல்வெட்டுகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. ஒன்றைப் படிக்கப் பழகியவர் மற்றவற்றையும் படித்துவிடலாம். 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்ற மங்கலச் சொல்லில் தொடங்கும். அடுத்து மெய்க்கீர்த்தியும் அரசனின் ஆட்சியாண்டும் வரும். பிறகு கோட்டம், நாடு, ஊர், கோயில் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கிவரும். அஞ்சல் முகவரியைத் தலைகீழாக எழுதியது போல இருக்கும். அதன்பின் கொடுத்தவர், அவர் ஊர், கொடுத்த பொருள், அதைப் பெற்றுக்கொண்டவர், நாள்தோறும் அளக்க வேண்டிய நெய், அளக்கும் நாழியின் பெயர் ஆகியவை வரும். நாழிகூடப் பெயரோடு சொல்லப்படும். தஞ்சைப் பெரிய கோயிலில் மரக்காலின் பெயர் ஆடவல்லான்.

இறுதியில் 'சந்திராதித்தவல்' என்ற சொல் வரும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்பது பொருள். சிவன் கோயிலானால் 'பன்மாகேசுவரர் இரட்சை' என்றும், பெருமாள் கோயிலானால் 'ஸ்ரீவைஷ்ணவர் இரட்சை' என்றும் காவல் வாசகம் எழுதப்படும். அறத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் என்று கொடையாளரே வணங்கிக் கேட்டுக்கொள்ளும் வாசகமும் உண்டு. அதற்கும் அடங்காதவர்க்கு, கங்கைக்கும் குமரிக்கும் இடையே செய்யப்பட்ட பாவம் எல்லாம் சேரட்டும் என்ற சாபமும் வரும்.

சாவா மூவாப் பேராடு

ஒரு நந்தா விளக்குக்குத் தொண்டைமண்டலத்தில் பொதுவாகக் காணப்படும் விலை 90 ஆடுகள். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்ற விகிதம் இருந்தது. ஈடாக நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும்.

ஏன் 90? பழைய முகத்தலளவையில் நான்கு உழக்கு ஒரு நாழி. ஆண்டை 360 நாளாகக் கொண்டால் ஆண்டுக்கு 360 உழக்கு, அதாவது 90 நாழி நெய் தேவை. 90 ஆடு இருந்தால் ஆடு ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு நாழி நெய் என்று கணக்குச் சரியாக முடிகிறது. கல்வெட்டுகள் இக்கணக்கை விரித்துச் சொல்வதில்லை. ஆயினும் எண்கள் இவ்வளவு பொருந்தி வருவது கவனிக்கத்தக்கது. வகுப்பில் அளவைகள் பாடம் நடத்துவோர்க்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அரை விளக்கு வைத்தவர்களும் உண்டு. அவர்கள் பாதி எண்ணிக்கை ஆடு கொடுத்தார்கள். அதற்கும் வசதி இல்லாதவர் காலை மாலை மட்டும் எரியும் சந்தி விளக்கு வைத்தார்கள்.

ஆடுகள் கோயிலில் கட்டப்படவில்லை, மன்றாடி எனப்பட்ட இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் மேய்த்து, கறந்து, காய்ச்சி, நெய்யைக் கோயிலில் கொண்டுவந்து அளந்தார்கள். இவ்வாடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று அழைக்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடு எங்கே உண்டு என்று வியக்க வேண்டியதில்லை. ஓர் ஆடு செத்தால் குட்டியைக் கொண்டு நிரப்பி, எண்ணிக்கையை எப்போதும் 90 ஆகவே வைத்திருக்க வேண்டும் என்பதே பொருள். மந்தை முதல், நெய் அதன் வட்டி. மிகுதிக் குட்டியும் பாலும் மேய்ப்பவருக்கு. வங்கி வைப்புநிதியின் இலக்கணம் அப்படியே இதில் இருக்கிறது.

இது இடையருக்குச் சலுகையா, சுமையா என்பது எளிதில் விடை சொல்லக்கூடிய கேள்வி அல்ல. முதலீடு இல்லாமல் ஒரு மந்தை கையில் கிடைத்தது உண்மை. பஞ்சமோ கொள்ளைநோயோ வந்து பாதி மந்தை போனாலும் உழக்கு நெய் குறையக்கூடாது என்பதும் உண்மை. அந்தப் பொறுப்பு பிள்ளை, பேரன் என்று தொடர்ந்தது. தஞ்சையில் ஒவ்வோர் இடையருக்கும் பிணையாக நின்ற உறவினர் பெயர்களும் கல்லில் எழுதப்பட்டன. கொடையாளரின் புண்ணியத்தை விரிவாகப் பேசும் கட்டுரைகள், நாள்தோறும் நெய்க்குடம் சுமந்து வந்த இம்மன்றாடிகளை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

பொன்னாகவும் கொடை செய்தார்கள். அப்பொன்னை ஊர்ச்சபை பெற்றுக்கொண்டு, ஆண்டுதோறும் பலிசை எனப்பட்ட வட்டியைக் கோயிலுக்குச் செலுத்தும். கழஞ்சுக்கு ஆண்டுக்கு மூன்று மஞ்சாடி என்ற வட்டி தொண்டைமண்டலக் கல்வெட்டுகளில் வருகிறது. ஒரு கழஞ்சு 20 மஞ்சாடி. எனவே இது நூற்றுக்குப் பதினைந்து.

கொடுத்தவர்கள், கொடுத்த காரணம்

அரசியர், அரண்மனைப் பணிப்பெண்கள், வணிகர், படைவீரர், தேவரடியார், அந்தணர் மனைவியர், வேளாளர் எனக் கொடையாளர் பட்டியல் நீளும். சொத்துரிமை பற்றிய நூல்களில் காணாத பெண்கள் விளக்குக் கல்வெட்டுகளில் தம் பெயரோடும் ஊரோடும் நிற்கிறார்கள். பலர் தமக்காக அன்றி வேறொருவருக்காக விளக்கு வைத்தனர். இதைக் கல்வெட்டு 'சார்த்தி' என்ற சொல்லால் குறிக்கும். மகனைச் சார்த்தி, கணவனைச் சார்த்தி, போரில் இறந்தவனைச் சார்த்தி என்று வரும். அச்சொல்லுக்குப் பின்னுள்ள துயரத்தைக் கல்வெட்டு விரிப்பதில்லை.

குற்றத்துக்குக் கழுவாயாகவும் விளக்கு வைக்கப்பட்டது. வேட்டைக்குப் போனவன் விலங்கென்று நினைத்து எய்த அம்பு மனிதன்மேல் பட்டது, வாய்ச்சண்டையில் தள்ளிவிடப்பட்டவர் இறந்தார் என்பன போன்ற நிகழ்வுகளில் நாட்டாரும் சபையாரும் கூடி ஆராய்ந்தனர். கொல்லும் எண்ணம் இல்லை என்று கண்டால் உயிர்த்தண்டனை விதிக்காமல், இறந்தவர்க்காகக் கோயிலில் விளக்கு வைக்குமாறு பணித்தனர். கருதிச் செய்ததும் கருதாமல் நேர்ந்ததும் வேறு என்ற நீதி நுட்பம் அக்கால ஊர்மன்றங்களுக்குத் தெரிந்திருந்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு இதனால் என்ன கிடைத்தது என்ற கேள்வி மட்டும் அக்கல்வெட்டுகளைப் படிக்கும்போதெல்லாம் எழும்.

சென்னையின் வடகோடியில் உள்ள திருவொற்றியூரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அது விளக்குக்கொடை அன்று. ஆனால் கொடைக்குப் பின்னால் ஒரு மனம் எப்படி இருந்தது என்பதை இதைப்போல் காட்டும் கல்வெட்டு குறைவு. சோழன் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் 949-இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். அவனுக்கு உயிர்த்தோழனாக இருந்த கேரள வீரன் ஒருவன் அன்று அவன் அருகில் இல்லை. தலைவனோடு சாகாமல் போனோமே என்ற நாணத்தில் அவன் உலகவாழ்வைத் துறந்தான். திருவொற்றியூர் மடத்தில் நிரஞ்சனகுருவிடம் துறவு பெற்றுச் சதுரானன பண்டிதர் ஆனான். தென்பெண்ணைக் கரையில் கிராமம் என்னும் ஊரில் கற்கோயில் எடுப்பித்த படைத்தலைவன் வெள்ளங்குமரனே இவன் என்று அறிஞர்கள் கருதுவர். தம் பிறந்த நாள்மீனான அவிட்டத்தன்று இறைவனுக்குச் சிறப்பு வழிபாடு நடக்க இத்துறவி நூறு நிட்கப் பொன் கொடுத்தார். அதைப் பதிந்த கல்வெட்டின் ஆட்சியாண்டு யாருடையது தெரியுமா? இராசாதித்தனைத் தக்கோலத்தில் வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுடையது. நாடு அப்போது அவன் கையில் இருந்தது. வேறு யார் ஆண்டை எழுதுவது?

உரோமில் இருந்த வழக்கம்

உரோமரின் நேர்த்திக்கடன் ஒப்பந்தம் போன்றது. நீ தருவதற்காக நான் தருகிறேன் என்பது அதன் அடிப்படை. நோய் தீர்ந்தால், கப்பல் கரை சேர்ந்தால், போரில் உயிரோடு திரும்பினால் இன்னது செய்வேன் என்று முதலில் சொல்லிவைப்பார்கள். அதற்கு வோட்டும் என்று பெயர். கேட்டது கிடைத்தபின் பலிபீடம் ஒன்றைச் செதுக்கி நிறுத்துவார்கள். அதில் தெய்வத்தின் பெயர், கொடுத்தவர் பெயர், இறுதியில் வி. எஸ். எல். எம். என்ற நான்கு எழுத்துகள் இருக்கும். 'வோட்டும் சோல்விட் லிபென்ஸ் மெரிட்டோ' என்பதன் சுருக்கம் அது. நேர்ந்த கடனை மனமுவந்து, தகும் என்று கருதிச் செலுத்தினார் என்பது பொருள். பிரிட்டன் முதல் வட ஆப்பிரிக்கா வரை இவ்வெழுத்துகள் உள்ள கற்கள் கிடைக்கின்றன.

எழுதத் தெரியாதவர்கள் பொருளாகவே கொடுத்தார்கள். குணமான கை, கால், கண் ஆகியவற்றைச் சுடுமண்ணில் செய்து மருத்துவத் தெய்வத்தின் கோயிலில் வைத்தார்கள். உரோம் நகரில் டைபர் ஆற்றுத் தீவில் இருந்த ஈஸ்குலாப்பியசு கோயிலை ஒட்டி இத்தகைய உருவங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. வைத்தீசுவரன் கோயிலிலும் சமயபுரத்திலும் வேளாங்கண்ணியிலும் வெள்ளித் தகட்டில் உறுப்புகள் வாங்கிச் செலுத்துபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் சூலிசு மினர்வா தெய்வத்தின் வெந்நீர் ஊற்றில் ஆயிரக்கணக்கான காசுகளோடு, ஈயத் தகட்டில் எழுதிப் போட்ட சுமார் 130 முறையீடுகள் கிடைத்தன. குளிக்கும்போது மேலாடையைத் திருடியவனைத் தண்டிக்குமாறு கேட்பவை அவற்றில் பல.

இரு உலகங்களும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. செங்கடற்கரையில் உரோம ஆட்சியில் இருந்த பெரெனிக்கே துறைமுகத்தில், ஐசிசு கோயிலில் புத்தர் சிலையும், வாசுலன் என்னும் இந்தியர் வடமொழியிலும் கிரேக்கத்திலும் எழுதுவித்த அர்ப்பணிப்புக் கல்வெட்டும் அண்மை அகழாய்வுகளில் கிடைத்துள்ளன. பேரரசர் பிலிப்பின் ஆட்சிக்காலமான 248-ஆம் ஆண்டைச் சேர்ந்தது அக்கல்வெட்டு.

வேறுபாடு எங்கே என்றால், உரோமப் பலிபீடம் முடிந்துபோன கணக்கின் இரசீது. கடன் தீர்ந்தது, தெய்வமும் மனிதனும் சமம். தமிழ் விளக்குக் கல்வெட்டு அன்றைக்குத்தான் தொடங்கும் கணக்கு. அதற்கு முடிவு நாளே இல்லை. என்ன வேண்டிக்கொண்டார் என்று கல்வெட்டு பெரும்பாலும் சொல்வதில்லை. எப்படித் தொடர்ந்து நடக்கும் என்பதையே சொல்கிறது. உரோமரின் முறைக்கு நேரான நேர்த்திக்கடன் நம்மிடம் எப்போதும் இருந்து வருகிறது. ஐயனாருக்கு மண்குதிரை எடுப்பதும், குன்றத்தூரை அடுத்த மாங்காட்டில் ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டுபோவதும் அவ்வகையே. அவற்றுக்குக் கல்வெட்டு கிடையாது.

அணைந்த விளக்குகள்

சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதிய ஏற்பாடுகள் பல, சில தலைமுறைகள்கூட நிற்கவில்லை. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் உள்ள பல்லவன் தந்திவர்மனின் கல்வெட்டு இதற்கு நல்ல சான்று. கோயில் நிலம் அடகு வைக்கப்பட்டதால் இறைவனுக்கு அமுதுபடி குறைந்துபோனது. புகழ்த்துணை விசையரையன் என்பவர் நிலத்தை மீட்டு மீண்டும் அமுது படைக்கச் செய்தார். அக்கோயிலின் மிகப் பழைய கல்வெட்டே ஒரு பழுதையும் அது சரிசெய்யப்பட்டதையும் பற்றியதாக இருக்கிறது.

கல்வெட்டையும் காக்க வேண்டியிருந்தது. செங்கல் கோயிலைப் பிரித்துக் கற்றளி ஆக்கியபோது, பழைய கற்களில் இருந்ததைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டினார்கள். கும்பகோணத்துக்கு அருகே திருக்கோடிகாவலில் செம்பியன் மாதேவி திருப்பணி செய்தபோது இவ்வாறு நடந்தது. படியெடுத்த ஒவ்வொன்றிலும் 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று குறிப்பும் எழுதினார்கள். முன்னோர் வைத்த விளக்குக்குத் தாம் கட்டுப்பட்டவர்கள் என்ற உணர்வு அக்குறிப்பில் இருக்கிறது.

இக்காலத் திருப்பணிகளில் நேர்ந்தது வேறு. மணல்வீச்சு முறையில் சுவரைத் துடைத்தபோது ஆயிரமாண்டு எழுத்துகள் பல கோயில்களில் தேய்ந்துபோயின. வேறிடங்களில் சுண்ணாம்பும் எனாமல் பூச்சும் மூடின. பிரித்த கற்கள் தலைகீழாகவும் தரையில் படியாகவும் போடப்பட்டன. தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்க்கோயில்களுக்குச் செல்வோர் அதிட்டானத்தின் குமுதப் பட்டையையும் சுவரின் கீழ்ப்பகுதியையும் கவனித்தால் எழுத்துத் தொடர்களைக் காணலாம். அவற்றின்மேல் எண்ணெயோ குங்குமமோ தடவாமல், சாய்ந்த வெளிச்சம் விழும் காலை அல்லது மாலை நேரத்தில் படிப்பது நல்லது.

1886 முதல் ஊல்ச்சு என்ற செருமானிய அறிஞர் அரசுப் பணியில் இருந்து தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளை மைப்படி எடுக்கத் தொடங்கினார். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் முதல் தொகுதி 1890-இல் வெளிவந்தது. மணிமங்கலக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் உள்ளன. கல்லில் அழிந்துவிட்ட சில கல்வெட்டுகளுக்கு இன்று இம்மைப்படிகளே எஞ்சிய சான்று. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ஆணையிட்டது.

விளக்குக் கொடை முற்றிலும் நின்றுவிடவில்லை. புறநகர்க் கோயில்களில் டியூப்லைட்டின் கண்ணாடிமேல் கொடுத்தவர் பெயரையும், தந்தை பெயரையும், தெருப்பெயரையும் சிவப்பு வண்ணத்தில் எழுதி, கீழே 'உபயம்' என்று போட்டிருப்பார்கள். எழுத்து மிகுந்தால் வெளிச்சம் குறையும் என்று கேலி செய்வதுண்டு. குழல் எரிந்துபோனால் அதைக் கழற்றிவிட்டு வேறொருவர் பெயர் எழுதிய குழலை மாட்டுவார்கள். மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று அதில் எழுதியிருப்பதில்லை.